ரிஸ்க் அடிப்படையில் உள் தரத் தணிக்கை: ஆண்டுத் திட்டம் முதல் அறிக்கை வரை

பல நிறுவனங்களில் ஆண்டுத் தணிக்கை அட்டவணை எப்படித் தயாராகிறது? சென்ற ஆண்டின் கோப்பைத் திறந்து, தேதிகளை மாற்றி, புதுப் பெயரில் சேமிக்கிறார்கள். கொள்முதலுக்கு ஒரு நாள், கிடங்குக்கு ஒரு நாள், உற்பத்திக்கு ஒரு நாள், மனிதவளத்துக்கு ஒரு நாள். நேரமும் சமம், செக்லிஸ்ட்டும் ஒன்றே. அறிக்கையில் வருவதும் ஏறக்குறைய ஒன்றேதான்: ஒரு படிவத்தில் கையெழுத்து இல்லை, ஓர் ஆவணத்தில் பழைய பதிப்பு எண். அப்படி நல்லபடியாகத் தணிக்கை முடிந்த ஒரு பிரிவிலிருந்தே ஓரிரு மாதத்தில் பெரிய வாடிக்கையாளர் புகார் கிளம்பினால், "இது ஏன் தணிக்கையில் தெரியவில்லை?" என்று மேலாளர் கேட்கத்தான் செய்வார்.

தணிக்கையாளர்களிடம் இருக்கும் நாட்கள் எப்போதும் குறைவு. அந்த நாட்களை எங்கே செலவிடுவது என்று காரணத்தோடு முடிவெடுப்பதுதான் ரிஸ்க் அடிப்படையிலான தணிக்கை. அதை முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்வது என்று இங்கே பார்ப்போம்.

தரநிலைகள் உண்மையில் என்ன கேட்கின்றன?

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001:2015-இன் 9.2 பிரிவு, திட்டமிட்ட இடைவெளிகளில் உள் தணிக்கை நடத்தச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை என்றோ, எல்லாத் துறைக்கும் ஒரே அளவு என்றோ அதில் எங்கும் இல்லை. தணிக்கைத் திட்டம் போடும்போது மூன்று விஷயங்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது: அந்தச் செயல்முறை எவ்வளவு முக்கியம், நிறுவனத்தில் என்னென்ன மாறியிருக்கிறது, முந்தைய தணிக்கைகளில் என்ன வந்தது. சமமாகப் பங்கிட்ட அட்டவணையில் இந்த மூன்றுக்குமே இடமில்லை.

தணிக்கைக்கான வழிகாட்டித் தரநிலையான ஐஎஸ்ஓ 19011, 2018-இல் திருத்தப்பட்டபோது, ஏற்கெனவே இருந்த ஆறு கொள்கைகளோடு ஏழாவதாக ரிஸ்க் அடிப்படையிலான அணுகுமுறையைச் சேர்த்தது. தணிக்கைத் திட்டத்துக்கே இருக்கும் ரிஸ்க்குகளையும் (நேரப் பற்றாக்குறை, அந்தத் தொழில்நுட்பம் தெரியாத தணிக்கையாளர், தவறாக எடுத்த மாதிரி) யோசிக்கச் சொல்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முறைப்படியான ரிஸ்க் மேலாண்மை முறையோ, அதற்கென ஆவணப்படுத்திய செயல்முறையோ வேண்டும் என்று ஐஎஸ்ஓ 9001 கட்டாயப்படுத்தவில்லை. அதன் பின்னிணைப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே நாற்பது நெடுவரிசை கொண்ட விரிதாள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு பக்கத்தில் அடங்கும் பட்டியல் போதும். அதில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: துறைகளை விட்டுச் செயல்முறைகளைப் பட்டியலிடுங்கள்

தவறுகள் பெரும்பாலும் ஒரு துறை இன்னொரு துறைக்கு வேலையைக் கைமாற்றும் இடத்தில்தான் நடக்கின்றன. வடிவமைப்பில் மாறிய வரைபடம் தளத்துக்குப் போய்ச் சேராதது, விற்பனையில் ஒப்புக்கொண்ட நிபந்தனை உற்பத்திக்குத் தெரியாதது எல்லாம் இந்த வகை. துறை வாரியாகத் தணிக்கை செய்தால் இந்த இடைவெளி இரண்டு தணிக்கைகளிலும் விடுபடும். அதனால் "ஆர்டரை ஏற்பதிலிருந்து உற்பத்தித் திட்டம் வரை", "பொருள் வருவதிலிருந்து பயன்பாட்டுக்கு விடுவது வரை" என்று வேலை ஓடும் வழியிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். நடுத்தர நிறுவனத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது செயல்முறைகள் வரும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள்: இதிலிருந்து வெளியே போவது தவறாக இருந்தால், அதை யார், எப்போது கண்டுபிடிப்பார்கள்? அடுத்த இயந்திரத்தில் நிற்பவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார் என்றால் அது ஒரு கதை. பொருளைப் பயன்படுத்துகிறவர் ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பார் என்றால் அது முற்றிலும் வேறு கதை.

படி 2: மதிப்பெண்ணுக்கு முன் தகவலைச் சேகரியுங்கள்

கூட்டம் போட்டு "இது எவ்வளவு ரிஸ்க்?" என்று கேட்டால் யார் குரல் உரக்க ஒலிக்கிறதோ அவர் மதிப்பெண்தான் நிற்கும். முதலில் மேசையில் காகிதம் இருக்கட்டும். வாடிக்கையாளர் புகார்கள், உள் நிராகரிப்பு, மறுவேலை, குறையோடு இருந்தும் சலுகை அனுமதி கேட்டு அனுப்பிய சரக்குகள், முந்தைய இணக்கமின்மைகள் (தேவை நிறைவேறாத இடங்கள்), தேதி தாண்டிய காலிப்ரேஷன் (அளவுக்கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற சரிபார்ப்பு), சப்ளையர் தரப் பதிவு. கடந்த பன்னிரண்டு மாதத்துக்கு இவை போதும்.

இவற்றோடு மாற்றங்களின் பட்டியலும் வேண்டும். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே அதிகம் பேசும். புது இயந்திரம், புது மென்பொருள், மாறிய சப்ளையர், இடம் மாறிய பிரிவு, ஓய்வு பெற்ற அனுபவசாலி, திடீரென இரட்டிப்பான ஆர்டர். பல ஆண்டு அமைதியாக ஓடிய ஒரு செயல்முறையின் பழைய நற்பெயர் மாற்றத்துக்குப் பிறகு செல்லாது. ஆனால் அட்டவணை அந்த நற்பெயரை வைத்தே ஓடிக்கொண்டிருக்கும்.

எந்தப் பதிவிலும் சேராத தகவலும் உண்டு. தளத்தில் வேலை செய்பவர்களிடம், "எந்த வேலை தவறிவிடுமோ என்று உங்களுக்கு உள்ளூரப் பயம்?" என்று கேளுங்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோது கேட்பது நல்லது.

படி 3: ரிஸ்க்கை முழு வாக்கியமாக எழுதுங்கள்

"பயிற்சிக் குறைபாடு", "மனிதத் தவறு", "சப்ளையர் பிரச்சினை". இவற்றில் எதையும் தணிக்கை செய்ய முடியாது. எதனால், என்ன நடக்கலாம், அதன் விளைவு என்ன என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. எஃகுப் பாகங்களை உலையில் வைத்து ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். "உலையின் வெப்பநிலை உணரி நாளடைவில் பிழையாகக் காட்டத் தொடங்கி, பாகங்கள் குறிப்பிட்ட வெப்பத்தை எட்டாமல் வெளியேறி, தேவையான வலிமை இல்லாத பாகம் வாடிக்கையாளரிடம் பயன்பாட்டின்போது உடையலாம்." வாக்கியம் நீளம்தான். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இதுவே தணிக்கையாளருக்குச் சொல்லிவிடுகிறது: உணரி, அதன் காலிப்ரேஷன், உலைக்குள் வெப்பம் சீராக இருக்கிறதா என்ற சோதனை, வலிமையைச் சரிபார்க்கும் முறை.

படி 4: தரம் பிரியுங்கள், ஆனால் பெருக்கலை நம்பாதீர்கள்

தீவிரம், நிகழ வாய்ப்பு, கண்டறியும் திறன் என்ற மூன்றுக்கும் 1 முதல் 10 வரை எண் கொடுத்துப் பெருக்கும் பழக்கம் எஃப்எம்ஈஏ (எது எப்படிப் பழுதாகலாம், அதன் விளைவு என்ன என்று முன்கூட்டியே ஆராயும் முறை) வழியாகப் பரவியது. அதன் குறை எண்ணிலேயே தெரியும். தீவிரம் 10, வாய்ப்பு 2, கண்டறிதல் 2 என்றால் 40. தீவிரம் 2, வாய்ப்பு 5, கண்டறிதல் 4 என்றாலும் 40. உயிருக்கு ஆபத்தான கோளாறும் பெட்டியில் விழும் கீறலும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. வாகனத் துறையின் ஏஐஏஜி-விடிஏ கையேடு 2019-இல் இந்தப் பெருக்கல் எண்ணைக் கைவிட்டு, தீவிரத்துக்கு முதலிடம் தரும் முன்னுரிமை அட்டவணைக்கு மாறியது.

தணிக்கைத் திட்டத்துக்கு இதைவிட எளிய வழி போதும். முதலில் தீவிரத்தை மட்டும் பார்த்து உயர்வு, நடுத்தரம், குறைவு என்று பிரியுங்கள். பாதுகாப்பு, சட்டத் தேவை, பயன்படுத்துபவரிடம் பொருள் செயலிழப்பது ஆகியவை எப்போதும் உயர்வு. வாய்ப்பு எவ்வளவு குறைவாகத் தோன்றினாலும் கீழே இறக்காதீர்கள். நடுத்தரத்தில் உள்ளவற்றை மட்டும் வாய்ப்பையும் அண்மை மாற்றங்களையும் பார்த்து மேலே அல்லது கீழே நகர்த்துங்கள்.

தரம் பிரிப்பதைச் செயல்முறைப் பொறுப்பாளரோடு சேர்ந்து செய்யுங்கள். இறுதி முடிவு தணிக்கைத் திட்டத்துக்குப் பொறுப்பானவரிடம் இருக்கட்டும். "எங்கள் பிரிவை ஏன் உயர்வில் போட்டீர்கள்?" என்று சிலர் வருத்தப்படுவார்கள். அது அவர்கள் வேலைக்குத் தரும் மதிப்பெண் இல்லை, அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கான அளவு என்று முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

படி 5: "குறைவு" என்ற சொல் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்கு நேரம் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் இரண்டு அளவு உண்டு. எந்தக் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் எவ்வளவு இருக்கும் என்பது முதல் அளவு, இயல்பான ரிஸ்க். கட்டுப்பாடுகள் வேலை செய்த பிறகு மிஞ்சுவது இரண்டாவது, எஞ்சிய ரிஸ்க். மேலே சொன்ன உலையைக் கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டினால் ரிஸ்க் மிக உயர்வு. காலிப்ரேஷன் இருக்கிறது, அலாரம் இருக்கிறது, ஒவ்வொரு தொகுதியிலும் கடினத்தன்மைச் சோதனை இருக்கிறது என்பதால் எஞ்சியது "குறைவு" என்று பட்டியலில் எழுதிவிடுகிறோம்.

இங்கேதான் பல திட்டங்கள் தடம் மாறுகின்றன. எஞ்சிய ரிஸ்க்கை வைத்து அட்டவணை போட்டால், உலை "குறைவு" வரிசைக்குப் போய் அரை நாள் தணிக்கையோடு முடிந்துவிடும். அந்தக் "குறைவு" மூன்று கட்டுப்பாடுகளின்மேல் நிற்கிறது. அவை நிஜமாகவே வேலை செய்கின்றனவா என்று யாரும் சோதிக்கவில்லை என்றால், அது வெறும் நம்பிக்கைதான். உள் தணிக்கையைத் தவிர இந்த நம்பிக்கையைச் சோதிக்க நிறுவனத்துக்குள் வேறு ஆள் பெரும்பாலும் கிடையாது.

எனவே திட்டத்தில் மேலே வர வேண்டியவை இரண்டு வகை. எஞ்சிய ரிஸ்க்கே உயர்வாக இருப்பவை முதல் வகை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை, ஏற்கெனவே நடவடிக்கையும் ஓடிக்கொண்டிருக்கும். இயல்பான ரிஸ்க் உயர்வாகவும் எஞ்சியது குறைவாகவும் எழுதப்பட்டவை இரண்டாம் வகை. அதாவது கட்டுப்பாட்டை முழுக்க நம்பியிருப்பவை. தணிக்கை நாட்களில் பெரும்பங்கு இரண்டாம் வகைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் வகையில் பிரச்சினை இருப்பதைப் பொறுப்பாளரே சொல்லிவிடுவார். இரண்டாம் வகையில் சொல்ல ஆளில்லை.

கட்டுப்பாடுகளை எழுதும்போது அது தவறைத் தடுப்பதா, நடந்த பிறகு கண்டுபிடிப்பதா என்று குறியுங்கள். அப்புறம், அதை நடத்துவது மனிதனா இயந்திரமா, தோற்றுப்போனால் யாருக்காவது தெரியுமா என்பதையும் குறியுங்கள். கட்டுப்பாடு தோற்றது யாருக்கும் தெரியாமலே போகும் என்றால் அதன் பக்கத்தில் நட்சத்திரம் போட்டுவிடுங்கள். தணிக்கையின் முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

பின்னால் அளந்து சரிபார்க்க முடியாத வேலைகளுக்கு இது இன்னும் பொருந்தும். வெல்டிங், கிருமி நீக்கம், ஹீட் ட்ரீட்மென்ட் போன்றவற்றில் பாகத்தை வெட்டிப் பார்க்காமல் உள்ளே என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது. ஐஎஸ்ஓ 9001-இன் 8.5.1 பிரிவு இத்தகைய செயல்முறைகளுக்குச் செல்லுபடிச் சோதனையையும் (இந்த முறை வேண்டிய பலனைத் தருமா என்று நிரூபிப்பது) அவ்வப்போது மறுசோதனையையும் தனியே கேட்பது இதனால்தான்.

படி 6: நாட்களைப் பங்கிடுங்கள்

உதாரணமாக, 14 செயல்முறைகள், ஆண்டுக்கு 30 தணிக்கை நாட்கள். உயர் வரிசையில் உள்ள 4 செயல்முறைகளுக்குத் தலா 4 நாள், அதையும் இரண்டு முறையாகப் பிரித்து: 16. நடு வரிசையில் 5-க்குத் தலா ஒன்றரை நாள்: 7.5. கீழ் வரிசையில் 5-க்குத் தலா அரை நாள்: 2.5. மொத்தம் 26. மீதி 4 நாளை யாருக்கும் ஒதுக்காமல் வையுங்கள். ஆண்டு நடுவில் பெரிய புகாரோ மாற்றமோ வந்தால் அந்த 4 நாள்தான் கைகொடுக்கும்.

கீழ் வரிசையில் இருப்பதால் ஒரு செயல்முறையை முற்றிலும் விட்டுவிடாதீர்கள். நம் ரிஸ்க் மதிப்பீடே தவறாக இருக்கலாம். வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949 போன்ற தரநிலைகள் எல்லாச் செயல்முறைகளும் மூன்று ஆண்டுக்குள் தணிக்கைக்கு வர வேண்டும் என்று கேட்கின்றன. உங்கள் துறையின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதும் இதே படியில்தான். தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது தெரிந்ததே. அதோடு, உயர் வரிசைக்கு அந்தத் தொழில்நுட்பம் புரிந்தவர் வேண்டும். உலையைப் பற்றி ஒன்றும் தெரியாத நல்ல தணிக்கையாளர் படிவங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் இல்லையென்றால் வேறு பிரிவின் பொறியாளர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள்.

படி 7: ஒரு தணிக்கைக்கான கேள்விகளும் மாதிரிகளும்

தரநிலையின் பிரிவுகளைக் கேள்விகளாக மாற்றிய பொது செக்லிஸ்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ரிஸ்க் வாக்கியத்திலிருந்து கேள்விகளை எடுங்கள். உலைக்கு இப்படி வரும்: உணரியைக் கடைசியாக மாற்றியது எப்போது? காலிப்ரேஷனில் எவ்வளவு விலகல் வந்தது? விலகல் எல்லை தாண்டியிருந்தால், அதற்கு முன் போன தொகுதிகளை யார் மறுபடி ஆராய்ந்தார்கள்? வெப்ப அளவை மாற்றும் அனுமதி யார் யாருக்கு உண்டு? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் மௌனம் வரும். அளவுக்கருவி பிழையானது என்று தெரிந்தால் முந்தைய அளவீடுகளின் நிலையை ஆராய வேண்டும் என்று 7.1.5 பிரிவு சொல்வது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

அடுத்து மாதிரி எண்ணிக்கை. "ஐந்து பதிவுகளைப் பார்த்தோம், எல்லாம் சரி" என்ற வரியை எத்தனையோ அறிக்கைகளில் காணலாம். கணக்கைப் பாருங்கள். நூற்றுக்குப் பத்துப் பதிவுகள் தவறு என்று வைத்தால், குருட்டாம்போக்கில் எடுத்த ஐந்தும் சரியாகவே அமைய ஏறக்குறைய 59 சதவீத வாய்ப்பு உண்டு. பத்து எடுத்தாலும் 35 சதவீதம். இந்த வாய்ப்பை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 29 பதிவுகள் வேண்டும். நூற்றுக்கு ஐந்து தவறு என்றால் 59 வேண்டும்.

எல்லா இடத்திலும் 59 பதிவு பார்க்க நேரம் இருக்காது. அதனால் எல்லை தெரிந்து மாதிரி எடுங்கள். நட்சத்திரம் போட்ட கட்டுப்பாடு ஒன்றிரண்டுக்கு எண்ணிக்கையை உயர்த்துங்கள். மற்ற இடங்களில் தவறு நடக்கச் சாதகமான நேரங்களைத் தேடி எடுங்கள்: இரவு ஷிப்ட், பராமரிப்புக்கு அடுத்த நாள், புதியவர் பொறுப்பில் இருந்த வாரம், மாதக் கடைசி அவசரம். இப்படிப் பொறுக்கி எடுத்ததில் பத்துக்கு இரண்டு தவறு வந்தால் "20 சதவீதம் தவறு" என்று எழுதக் கூடாது. அந்தச் சூழலில் கட்டுப்பாடு நிற்கவில்லை என்று மட்டுமே சொல்லலாம். பதிவுகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். எடுத்துத் தரச் சொன்னால் நல்லவைதான் வரும்.

படி 8: தளத்தில்

கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது வேலை செய்த தருணத்தைக் காட்டச் சொல்லுங்கள். "இந்த அலாரம் கடைசியாக எப்போது அடித்தது? அப்போது என்ன செய்தீர்கள்?" ஓராண்டாக அடிக்கவே இல்லை என்றால் உலை அவ்வளவு சீராக ஓடுகிறது என்று பொருளாகலாம், அலாரத்தின் இணைப்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்றும் பொருளாகலாம். சோதித்துக் காட்ட முடியுமா என்று கேட்டால் எது உண்மை என்று தெரிந்துவிடும். பாதுகாப்பான முறையில், பொறுப்பாளர் அனுமதியோடு மட்டும் இதைச் செய்யுங்கள்.

ஆய்வாளர் கையெழுத்திடும் சோதனைகளில், நிராகரித்த பதிவுகளைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான தொகுதிகளில் ஒன்றுகூட நிராகரிக்கப்படவில்லை என்றால், அந்தச் சோதனைக்குத் தவறைப் பிடிக்கும் திறன் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டால் திட்டத்தை விட்டு விலகி அதைத் தொடருங்கள். அதற்கான நேரத்தைக் குறைந்த ரிஸ்க் உள்ள கேள்விகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 9: கண்டறிந்ததை எழுதுவது

தேவை என்ன, சான்று என்ன, இரண்டுக்கும் இடையிலான முரண் என்ன என்ற வழக்கமான மூன்றோடு நான்காவதாக விளைவை ஒரு வரியில் சேருங்கள். "காலிப்ரேஷன் தேதி தாண்டியிருந்தது" என்பதைப் படிக்கும் மேலாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். "உலை 2-இன் உணரி தேதி தாண்டி ஓடிய காலத்தில் வெளியேறிய தொகுதிகளின் வலிமைக்கு இப்போது நம்பத்தக்க சான்று இல்லை" என்று படித்தால் அன்றே கூட்டம் கூட்டுவார்.

பெரியது, சிறியது என்ற பிரிவு ஐஎஸ்ஓ 9001-இல் வரையறுக்கப்படவில்லை. சான்றளிப்பு அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஈசி 17021-1-இல்தான் இருக்கிறது. உள் தணிக்கையில் தீவிரத்தை நீங்களே வரையறுத்துக்கொள்ளலாம். படி 4-இல் வைத்த அதே அளவுகோலை இங்கேயும் பயன்படுத்துங்கள். இன்னொன்று: ரிஸ்க் பட்டியல் ஆவணமாக இல்லை என்பதை மட்டும் வைத்து ஐஎஸ்ஓ 9001-இன் பெயரில் இணக்கமின்மை எழுதாதீர்கள். நிறுவனத்தின் சொந்த நடைமுறையோ வாடிக்கையாளரோ கேட்டிருந்தால் அது வேறு.

படி 10: முடிவுகளைப் பட்டியலுக்குத் திருப்பி அனுப்புங்கள்

ஒரு கட்டுப்பாடு வேலை செய்யவில்லை என்று தெரிந்த அந்த வாரமே, அதன்மேல் நின்ற "குறைவு" என்ற தரத்தை மாற்றியாக வேண்டும். 10.2 பிரிவும் திருத்த நடவடிக்கையின்போது, தேவைப்பட்டால் ரிஸ்க்குகளைப் புதுப்பிக்கச் சொல்கிறது. அதே கட்டுப்பாட்டை நம்பியிருக்கும் வேறு செயல்முறைகள் உண்டா என்றும் பாருங்கள். ஒரே காலிப்ரேஷன் அட்டவணையை ஐந்து பிரிவுகள் நம்பியிருந்தால், ஒரு பிரிவில் கண்ட ஓட்டை ஐந்துக்கும் பொருந்தும். நிர்வாக மீளாய்வுக்குப் போகும்போது எண்ணிக்கைக்குப் பதில், எந்தக் கட்டுப்பாடுகள் சோதனையில் நின்றன, எவை நிற்கவில்லை, எவை இன்னும் சோதிக்கப்படவில்லை என்ற மூன்று பட்டியல்களைக் கொண்டுபோங்கள்.

ஆண்டுத் திட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். பெரிய புகார், செயல்முறை அல்லது சப்ளையர் மாற்றம், முக்கியமான ஒருவரின் விலகல், ஒரே இணக்கமின்மை மறுபடி வருவது ஆகியவை நடந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். எந்தத் தணிக்கையை முன்னே கொண்டுவந்தீர்கள், எதைத் தள்ளி வைத்தீர்கள், ஏன் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியோடு ஒரு வரி எழுதி வையுங்கள். கிடங்குக்கு ஏன் அரை நாள், உலைக்கு ஏன் நான்கு நாள் என்று வெளித் தணிக்கையாளர் கேட்கும்போது அந்த வரிகளையே காட்டலாம்.